எங்கள் வீட்டு ஈரமே உறைந்து அடைத்த குளிர்காலம்

ஜனவரி நடுப்பகுதியில், வெளியே கழித்தல் 22 பாகை செல்சியஸ் குளிர் நின்ற ஓர் இரவு, இரண்டு மணியளவில் அம்மா என் அறைக் கதவைத் தட்டினார். "தம்பி, சூட்டுக் காத்து வரேல்ல. கால் விறைக்குது," என்றார். கூடத்துச் சுவரிலிருந்த வெப்பநிலைக் கருவி 15 பாகை என்று காட்டியது. நாங்கள் படுக்கப் போனபோது அது 21இல் நின்றது. கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் எங்களுக்கு அது பதினோராவது குளிர்காலம். குளிரோடு பழகிவிட்டோம் என்ற நினைப்பு எனக்கு நன்றாகவே ஊறியிருந்தது.

நிலக்கீழ் அறைக்கு இறங்கிப் பார்த்தேன். ஃபேர்னஸ் என்று நாம் எல்லோரும் சொல்லும் வெப்பமூட்டி முழுதாக நின்றுவிடவில்லை. உள்ளேயிருக்கும் சிறிய விசிறி சுழலத் தொடங்கும், சற்றுக் காத்திருக்கும், எரிவாயு பற்றாமலே அடங்கிவிடும். சிறிது நேரத்தில் மீண்டும் அதே முயற்சி. கட்டுப்பாட்டுப் பலகையின் விளக்கு மூன்று மூன்று தடவையாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் அந்தச் சிமிட்டலுக்கு நேரே அமுக்க ஆளி, அதாவது காற்றமுக்கத்தைக் கவனிக்கும் சுவிட்ச், என்று போட்டிருந்தது. ஆளி பழுதாகிவிட்டது, புதியது வாங்கிப் பூட்டவேண்டும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, வெப்பமூட்டி திருத்தும் அண்ணை ஒருவரைத் தொலைபேசியில் எழுப்பினேன். நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவர், "ஆளியை விடுங்கோ. வெளியில போய் ரெண்டு வெள்ளைக் குழாயையும் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ," என்றார்.

வீட்டின் பக்கச் சுவரில், முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே, இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று எரிவுக்கு வேண்டிய காற்றை உள்ளே இழுப்பது, மற்றது எரிந்த வாயுவை வெளியே விடுவது. கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது, வெளிவிடும் குழாயின் வாயிலிருந்து நிலம் வரைக்கும் பனிக்கட்டி தாடிபோல் தொங்கியது. உள்ளிழுக்கும் குழாயின் வாயோ பஞ்சு வைத்து அடைத்ததைப் போல வெள்ளையாக மூடிக்கிடந்தது. அந்த இலையுதிர்காலத்தில்தான், அணிலும் எலியும் புகுந்துவிடக்கூடாது என்று, சிறுகண் கம்பி வலை வாங்கி இரண்டு வாய்களுக்கும் நான் கட்டியிருந்தேன். அந்த வலையின் ஒவ்வொரு கண்ணிலும் உறைபனி ஊசி ஊசியாக வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னி, கடைசியில் மூச்சுவிட இடமில்லாமல் செய்துவிட்டது.

அமுக்க ஆளி பழுதாகவில்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. குழாய்வழியே போதிய காற்று ஓடுகிறதா என்று பார்த்து, ஓடாவிட்டால் எரிவாயுவைத் திறக்கவிடாமல் தடுப்பதே அதன் கடமை. அன்று இரவு அந்த ஆளியைத் திட்டிக்கொண்டு நின்ற நேரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கவலையாக இருக்கிறது. ஏனெனில், எதையாவது மாற்றி இணைத்து அதை ஏமாற்றிவிட்டு வெப்பமூட்டியை ஓடவைக்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்திருந்தேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யவேண்டாம்.

அண்ணை தொலைபேசியில் சொல்லச் சொல்ல, முதலில் வெப்பமூட்டியின் மின்னாளியை நிறுத்தினேன். பிறகு குறட்டினால் வலையை வெட்டி எடுத்தேன். கட்டியைச் சுத்தியலாலோ பனி வாரும் சவளாலோ அடிக்கவேண்டாம், இந்தக் குளிரில் பிளாஸ்டிக் ஓடுபோல் வெடிக்கும் என்று அவர் எச்சரித்திருந்தார். ஆகவே வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிப் பிடித்து, இளகியதை மரக்கரண்டியால் மெல்லத் தட்டி வெளிப்பக்கமாக விழுத்தினேன். குழாய்க்குள் நீரை ஊற்றவில்லை. ஊற்றினால் அது உள்ளே போய் இன்னோர் இடத்தில் உறையும். இருபது நிமிட வேலை. மீண்டும் ஆளியைப் போட்டதும் வெப்பமூட்டி பற்றிக்கொண்டது.

மறுநாள் அவர் நேரில் வந்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, பனிப்புயல் எதுவும் அடிக்காத நாளில் இவ்வளவு பனிக்கட்டி எங்கிருந்து வந்தது என்பதுதான். அவர் கொடுத்த விடைதான் அதன்பின் நான் இந்த வீட்டைப் பார்க்கும் விதத்தையே மாற்றியது. அது வானத்திலிருந்து வந்ததன்று. எங்கள் வீட்டிலிருந்து வந்தது.

இயற்கை எரிவாயு எரியும்போது கரியமில வாயுவோடு நீரும் பிறக்கிறது. ஒரு கன மீற்றர் வாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் நீர். கடுங்குளிரில் ஒரு வீடு நாளொன்றுக்குப் பத்துக் கன மீற்றர் எரிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் அது பதினைந்து லீற்றர் நீராகிவிடும். பழைய வெப்பமூட்டிகளில் புகை மிகுந்த சூட்டோடு புகைபோக்கி வழியே மேலே போய்விடும். இக்காலத்து உயர்திறன் வெப்பமூட்டிகளோ அந்தச் சூட்டையும் விடாமல் பிழிந்தெடுத்துக்கொள்வதால், புகை கையால் தாங்கக்கூடிய வெப்பத்தில், ஈரம் நிறைந்ததாக வெளியே வருகிறது. அதனால்தான் பிளாஸ்டிக் குழாயே அதற்குப் போதுமாக இருக்கிறது. அந்த ஈரத்தில் ஒரு பகுதி உள்ளேயே குளிர்ந்து திரவமாக ஒடுங்கி வடிகுழாயில் இறங்குகிறது. மீதி ஆவியாக வெளியே போகிறது. நானோ பக்கவழியில் நடப்பதற்காக வாரிய பனியையெல்லாம் அந்தக் குழாய்களுக்கு முன்னே மதில்போல் குவித்து வைத்திருந்தேன். வெளியே போன ஆவி அந்தக் குழியிலேயே சுழன்று, பக்கத்துக் குழாயால் மீண்டும் உள்ளே இழுக்கப்பட்டு, கழித்தல் 22 பாகையில் விறைத்துக் கிடந்த கம்பி வலையில் பட்ட இடத்திலேயே உறைந்திருக்கிறது. பனி குவியக்கூடிய உயரத்துக்கு மேல் குறைந்தது 12 அங்குலமாவது குழாய்வாய் உயர்ந்திருக்க வேண்டும் என்று வெப்பமூட்டிக் கைந்நூல்கள் பொதுவாகக் கேட்பது இதற்காகத்தான்.

அவர் இன்னொன்றையும் காட்டினார். வெளிவிடும் குழாய் நிலக்கீழ் அறையின் கூரையோரமாக நீளும் இடத்தில், தாங்கும் பட்டி ஒன்று கழன்று, குழாய் நடுவில் தொய்ந்திருந்தது. அந்தக் குழாய் ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் வெப்பமூட்டியை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டுமாம். அப்போதுதான் உள்ளே ஒடுங்கும் நீர் திரும்பி வடியும். தொய்ந்தால் அங்கே நீர் தேங்கிக் காற்றின் வழியைக் குறைக்கும். சில நாட்களாக இரவில் கேட்ட களகளவென்ற ஒலிக்கு அதுவே காரணம். நான் அதைக் குழாய்த் தண்ணீரின் ஓசை என்று எண்ணியிருந்தேன்.

அதே மாதம் ஏஜக்ஸ் நகரில் அக்கா வீட்டிலும் வெப்பமூட்டி நின்றது. அங்கே வெளிக்குழாய்கள் சுத்தமாக இருந்தன. ஒடுங்கிய நீரை வெளியேற்றும் சிறு பம்பியின் மெல்லிய குழாய், வெப்பமில்லாத வாகனக் கொட்டிலின் சுவர் வழியே போய், அங்கே உறைந்திருந்தது. போக வழியில்லாத நீர் பம்பியை நிறைக்க, மிதவை ஆளி வெப்பமூட்டியை நிறுத்திவிட்டது. அந்தக் குழாயைச் சலவை இயந்திரத்தின் வடிகாலுக்குத் திருப்பியதோடு அது தீர்ந்தது.

எங்களுக்கு அத்தோடு தீரவில்லை. மார்ச் தொடக்கத்தில், குளிர் திடீரென்று விட்டு வெயில் எறித்த நாளொன்றில், மேல்மாடிக் கூரைத்தளத்தில் தேநீர் சிந்தியதுபோல் ஒரு பழுப்புக் கறை தோன்றியது. குளியலறை விளக்கிலிருந்து நீர் சொட்டியது. மழையும் இல்லை, பனியும் இல்லை. கூரை வேலை செய்யும் ஒரு நிறுவனத்தார் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, கூரை முழுவதையும் மாற்றவேண்டும் என்று ஒரு பெருந்தொகையைச் சொன்னார்கள். மனம் ஒப்பவில்லை. இரண்டாவதாக வந்தவர் கூரைமேல் ஏறவே இல்லை. ஏணியைக் கேட்டு வாங்கி, மேல்மாடியிலிருந்த சிறு திறப்பு வழியாகக் கூரையின் உட்புறத்துக்குள் தலையை நுழைத்தார். சிறிது நேரம் கழித்து என்னையும் ஏறிப் பார்க்கச் சொன்னார்.

கூரைப் பலகையை ஊடுருவி உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஆணி முனைகள் ஒவ்வொன்றிலும் உறைபனி குமிழ் குமிழாகத் திரண்டிருந்தது. வடக்குப் பக்கத்துப் பலகை முழுவதும் வெள்ளைப் பூச்சாகப் பனி. தெற்குப் பக்கம் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அதாவது, குளிர்காலம் முழுவதும் எங்கள் கூரைக்குள் ஒரு பனிப்பொழிவு நிகழ்ந்து, வெயில் பட்ட அன்று அது மழையாகப் பெய்தது. காரணமும் அங்கேயே கிடந்தது. குளியலறை விசிறியின் காற்றைக் கூரைக்கு வெளியே கொண்டுபோகவேண்டிய குழாய் கழன்று விழுந்து, அத்தனை ஈரத்தையும் கூரைக்குள்ளேயே ஊதிக்கொண்டிருந்தது. நாங்கள் ஏறிய திறப்பின் மூடிக்கும் ஓரத்தில் காற்றுப் புகாத பட்டி எதுவும் இல்லை. வீட்டின் சூடான காற்று அந்த இடுக்கு வழியே ஓயாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

இவ்விடத்தில் ஒரு கணக்கைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இது புரிந்தபின்தான் எனக்கு மற்றவையெல்லாம் புரிந்தன. 20 பாகை வெப்பமுள்ள ஒரு கன மீற்றர் காற்று அதிகபட்சம் 17 கிராம் அளவு நீராவியைத் தாங்கும். பூச்சியப் பாகையில் அது 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கழித்தல் 20இல் ஏறக்குறைய ஒரு கிராம்தான். வீட்டுக்குள்ளிருந்து கசியும் காற்று குளிர்ந்த பலகையையோ, ஆணியையோ, வலையையோ தொட்டவுடன், தன்னால் தாங்கமுடியாத ஈரத்தை அங்கேயே இறக்கிவைத்துவிட்டுப் போகிறது. அந்த இடம் உறைநிலைக்குக் கீழே இருந்தால் அது திரவமாகாமல் நேரே பனியாகப் படிகிறது. குளிர் எவ்வளவு நீடிக்கிறதோ, கசிவு எவ்வளவு தொடர்கிறதோ, அவ்வளவுக்கு அது வளரும்.

அப்படியானால் இவ்வளவு ஈரம் எங்கள் வீட்டில் ஏன்? நான்கு பேர் மூச்சுவிட்டு, சமைத்து, குளித்து, துணி உலர்த்தும் ஒரு வீட்டில் நாளுக்குப் பத்து லீற்றர் நீர் காற்றில் கலப்பது இயல்பே. எங்கள் வீட்டில் அதற்கும் மேல். விடிகாலையில் புட்டு அவியும், இரவில் இடியப்பம் அவியும், சோறு திறந்த பானையில் கொதிக்கும். அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போட்டால் குளிர் வருகிறது என்று அதைப் போடுவதில்லை. உடுப்பைக் கொடியில் போட்டு நிலக்கீழ் அறையிலேயே உலர்த்தினோம். இவற்றுக்கு மேலாக, வறண்ட காற்றில் அம்மாவுக்கு மூக்கு எரிகிறது, சில நாள் இரத்தமும் கசிகிறது என்பதனால், வெப்பமூட்டியில் பொருத்திய ஈரமூட்டியை 45 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்திருந்தேன். அன்பினால் செய்த காரியம்தான். ஆனால் காலையில் யன்னல் கண்ணாடிகளின் அடியில் பனிக்கட்டி வரம்பு கட்டியிருந்ததை ஒவ்வொரு நாளும் துடைத்துவிட்டு, அது எதைச் சொல்கிறது என்று நான் கேட்கவே இல்லை. யன்னலில் தெரிந்த அதே பனிதான் கண்ணுக்குத் தெரியாத கூரைக்குள்ளும் வளர்ந்துகொண்டிருந்தது.

இப்போது ஈரமூட்டியின் குமிழைக் குளிருக்கேற்பத் திருப்புகிறேன். வெளியே கழித்தல் 20 என்றால் உள்ளே 30 விழுக்காட்டுக்கு மேல் போகவிடுவதில்லை. யன்னலில் ஈரம் கட்டினால் அதற்கும் கீழே இறக்குவேன். அம்மாவுக்கு மருத்துவர் சொன்ன உப்புநீர்த் துளியும், படுக்குமுன் மூக்கோரத்தில் தடவும் களிம்பும் போதுமாக இருக்கின்றன. அவிக்கும்போது விசிறி ஓடுகிறது. குளித்தபின் குளியலறை விசிறி அரைமணி நேரம் ஓடும்படி நேரக்கருவி போட்டாயிற்று. கழன்ற குழாயை இறுக்கி, வெப்பக் காப்பு உறை சுற்றி, கூரைக்கு வெளியே கொண்டுபோனோம். மேல் திறப்பின் மூடிக்குப் பட்டி ஒட்டினோம். கூரையை மாற்றவில்லை. இந்த எல்லாவற்றுக்கும் ஆன செலவு, முதலில் வந்தவர்கள் கேட்ட தொகையில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

கூரைக்குள் கசியும் சூடு இன்னொரு வகையிலும் பழிவாங்கும். அது கூரைமேல் கிடக்கும் பனியின் அடிப்பகுதியை உருக்குகிறது. உருகிய நீர் வழிந்து கீழே வர, வீட்டின் சூடு எட்டாத தாழ்வார ஓரத்திலும், கூரை நீரை ஏந்தும் தகட்டு வாய்க்காலான பீலியிலும் மீண்டும் உறைகிறது. நாளுக்கு நாள் அது அணைபோல் உயர்ந்து, பின்னால் வரும் நீரைத் தடுத்து, ஓட்டுத் தகடுகளுக்கு அடியால் வீட்டுக்குள் திருப்பிவிடுகிறது. பீலியிலிருந்து ஈட்டி ஈட்டியாகத் தொங்கும் பனிக்கட்டிகளை முன்பெல்லாம் பிள்ளைகளை நிறுத்திப் படமெடுத்திருக்கிறேன். இப்போது அவற்றைக் கண்டால், மேலே எந்த இடத்தில் சூடு ஒழுகுகிறது என்றுதான் முதலில் தேடுவேன். அணை கட்டிவிட்டால் அவசரத்துக்குச் செய்யக்கூடியது, பெண்கள் அணியும் நீள நைலோன் காலுறையில் கல்சியம் குளோரைட்டை நிரப்பி, அணைக்குக் குறுக்காக, ஓரத்துக்கு வெளியே சற்று நீட்டி வைப்பதுதான். அது கீழ்நோக்கி ஒரு வாய்க்காலை உருக்கித் தரும். சாதாரண உப்பு கழித்தல் 10க்குக் கீழே ஏறக்குறையப் பயனற்றது, பீலித் தகட்டையும் அரிக்கும். கோடரியும் சுத்தியலும் ஓட்டுத் தகட்டைப் பிளக்கும். பனி கொட்டிய அன்றே, நிலத்தில் நின்றபடி, நீளக் கம்புள்ள கூரை வாரியால் ஓரத்து மூன்று நான்கு அடியை இழுத்துவிட்டால் அணைக்கு வேண்டிய நீரே கிடைக்காது. வழுக்கும் கூரையில் ஏறுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

பீலி ஒழுகும் இடத்துக்குக் கீழே எரிவாயு மானி இருந்தால் அதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். மானியோடு இருக்கும் அமுக்கச் சீராக்கிக்கு மூச்சுவிட ஒரு சிறு துளை உண்டு. அது பனிக்கட்டியால் மூடப்பட்டால் வீட்டுக்குள் வரும் வாயுவின் அமுக்கம் கட்டுமீறக்கூடும். மெல்லிய தூரிகையால் பனியைத் தட்டிவிடலாம். கட்டியாக உறைந்துவிட்டால் கைவைக்காமல் எரிவாயு நிறுவனத்தை அழைப்பதே சரி.

கழிவுநீர்க் குழாய்க்கும் கூரைமேல் ஒரு மூச்சுவழி இருக்கிறது என்பதைப் பலர் அறியார். அதற்குள் எப்போதும் ஈரமான வெப்பக் காற்று ஏறிக்கொண்டிருப்பதால், குளிர் நாட்கணக்கில் விடாது நிற்கும்போது அதன் வாயில் உறைபனி வளையம் வளையமாகப் படிந்து ஒடுங்கும். மலசலகூடத்தில் நீர் இறங்கும்போது பக்கத்துத் தொட்டி களகளவென்று சத்தமிட்டு, சாக்கடை மணமும் வந்தால், கீழே அடைப்பைத் தேடுமுன் இதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

குடிநீர்க் குழாய் உறைவது வேறு கதை. அங்கே ஆவிக்கு வேலையில்லை. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருக்கிறது, கட்டிக்கும் மூடிய திருகுக்கும் இடையில் அகப்பட்ட நீரின் அமுக்கம் குழாயை வெடிக்கவைக்கிறது. 2015 பெப்ரவரியில் ரொறன்ரோவில் குளிர் மண்ணுக்குள்ளேயே இறங்கி, பல வீடுகளுக்கு நிலத்தடிக் குழாய்கள் உறைந்து தண்ணீர் நின்றுபோனது. நாங்கள் ஒக்ரோபரில் வெளிக்குழாயின் உள்வால்வைப் பூட்டி, வெளித்திருகைத் திறந்தபடி விட்டு, தோட்டத்து நீர்க்குழாயைக் கழற்றிவிடுகிறோம். வெளிச்சுவரோரமுள்ள சமையலறைத் தொட்டியின் கீழ்க்கதவுகளைக் கடுங்குளிர் இரவுகளில் திறந்து வைக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. எங்கள் வெப்பமூட்டியில் ஆளி இருந்து காத்தது. எல்லாக் கருவிகளுக்கும் அந்தக் காவல் இல்லை. 2008 டிசம்பரில் எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில், எரிவாயுக் கணப்படுப்பின் புகைவழி அடைபட்டு, காபனோரொட்சைட்டு என்ற மணமற்ற நச்சு வாயு வீட்டுக்குள் நிறைந்ததால் ஒரு குடும்பத்தின் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் நால்வரும் இறந்தனர். அவர்கள் பெயரால் அமைந்த சட்டத்தின் வழியே, 2014 ஒக்ரோபர் முதல், எரிபொருள் எரியும் கருவியுள்ள ஒன்ராறியோ வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே அந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. நிலக்கீழ் அறைகளில் வாடகைக்கு இருக்கும் நம் மாணவர்களும் புதிதாக வந்தவர்களும் வெப்பமூட்டிக்கு மிக அருகில் உறங்குகிறார்கள். அந்தக் கருவி அங்கே இருக்கிறதா, மின்கலம் உயிரோடு இருக்கிறதா, கருவியின் பின்புறத்தில் அச்சிட்ட காலாவதி ஆண்டு கடந்துவிட்டதா என்று இன்றே பாருங்கள். வாடகைக்கு விட்டிருப்பவர் நீங்களென்றால் அது உங்கள் பொறுப்பு.

கடந்த ஆண்டு வெப்பமீட்புக் காற்றோட்டி ஒன்றும் பூட்டினோம். வெளியேறும் காற்றின் சூட்டை உள்வரும் காற்றுக்குக் கொடுத்து, ஈரத்தை மட்டும் வெளியே விடும் பொறி அது. முதற்குளிரிலேயே அது இடையிடையே ஒலி மாறி ஓட, பழுதாகிவிட்டதென்று மீண்டும் அண்ணையை அழைத்தேன். அதன் உட்கூட்டில் படியும் உறைபனியை அது தானே உருக்கிக்கொள்ளும் நேரம் அதுதான் என்று விளக்கினார்; வெளிக்காற்று வாயை மூடி, வீட்டுக் காற்றைச் சில நிமிடம் உள்ளே சுழற்றி, பனி இளகி வடிந்ததும் திறந்துகொள்ளுமாம். அதன் வெளிவலையை மட்டும் நான் மாதமொருமுறை துலக்கவேண்டும்.

இந்த ஜனவரியிலும் கழித்தல் 25 பாகை வந்தது. காலையில் பக்கவழியால் போய்ப் பார்த்தேன். குழாய்களுக்கு முன்னே மூன்றடிக்குப் பனியை வாரி அகற்றியிருந்தேன். உள்ளிழுக்கும் வாய் கறுப்பாகத் திறந்திருந்தது. வெளிவிடும் வாயின் உதட்டில் விரலளவு கட்டி ஒன்று தொங்கியது. கையுறையால் தொட்டதும் அது உடைந்து விழுந்தது. ஆவி நேரே வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.